வண்ணக்கனின் சந்தேகம்

இது நான் எழுதிய ஒரு கட்டுரைக்கு நானே எழுதும் விமர்சனம். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் வந்த மூன்று பக்கக் கட்டுரை. ஒரு செப்புக் காசைப் பற்றியது. மொத்தமாக ஐம்பது பேர் படித்திருந்தாலே அதிகம். மறந்து போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற வருடம் ஒரு முதுகலை மாணவர் தன் ஆய்வேட்டின் பிரதியை அனுப்பி, "உங்க கட்டுரையைத்தான் சார் மூன்றாவது இயலில் ஆதாரமா வச்சிருக்கேன்" என்று எழுதியிருந்தார். திறந்து பார்த்தேன். என் காசு அங்கே ஒரு அட்டவணையில் உட்கார்ந்திருந்தது. கிடைத்த இடம் என்ற பத்தியில் 'வைகைக் கரை, மதுரை' என்று போட்டிருந்தது.

அந்தக் காசு போலி. அது எனக்கு அப்போதே ஆறு வருடங்களாகத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

காசு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். பித்தளைச் செம்பு, கடிகாரம், கிராமபோன் ஊசி டப்பா எல்லாம் கிடக்கும் கடை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சதுரமான சின்னச் செப்புக் காசு. பச்சை பூத்திருந்தது. ஒரு பக்கம் குதிரை, அதற்கு மேல் நான்கைந்து எழுத்துகள். மறுபக்கம் கோடுகளாலான மீன். எனக்குக் கை நடுங்கியது. 'வழுதி' என்ற மூன்று எழுத்தும் எனக்குப் படிக்க வந்தது. "எங்க கிடைச்சது?" என்றேன். "ஆத்துலதான் சார். மணல் அள்ளுறவங்க கொண்டாந்தது" என்றார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பேரம் பேசவில்லை. பேரம் பேசினால் காசை அவமதித்ததாகிவிடும் என்று தோன்றியது. இப்போது யோசித்தால், நான் ஏமாந்தது அந்த நொடியில்தான்.

*

காசைச் சோதிப்பவனுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. வண்ணக்கன். சங்கப் பாடல்களைப் பாடிய புலவர்களின் பெயர்களிலேயே அது வருகிறது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று. பொன்னையும் காசையும் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற தொழில் செய்தவர்கள் பாடலும் எழுதினார்கள். பிற்காலத்தில் இதே வேலைக்கு நோட்டம் என்று பெயர். செய்பவர் நோட்டக்காரர். இன்று நாம் 'நோட்டம் விடுகிறான்' என்று யாரையோ சந்தேகத்தோடு சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒரு கண் இருக்கிறது.

இந்தத் தொழிலை ஊர்கள் எவ்வளவு முக்கியமாக நினைத்தன என்பதற்கு ஏதென்ஸில் ஒரு சான்று இருக்கிறது. பொ.ஆ.மு. 375-ஐ ஒட்டி நிக்கோபோன் என்பவர் முன்மொழிந்த சட்டம். அதைப் பொறித்த பளிங்குக் கல் 1970-இல் அகோராவில் கிடைத்தது. சந்தையில் பணம் மாற்றும் மேசைகளுக்கு நடுவே அரசின் சோதகர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஓர் அடிமை. வெள்ளிக் காசு உள்ளே செம்போ ஈயமோ என்றால் அங்கேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும். நல்லது என்று அவர் சொன்ன காசை வியாபாரி வாங்க மறுத்தால் அன்றைய சரக்கு பறிமுதல். சோதகர் தன் இடத்தில் உட்காராவிட்டாலோ, சட்டப்படி சோதிக்காவிட்டாலோ அவருக்கு ஐம்பது கசையடி.

ஐம்பது அடி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் என் கட்டுரையை மறுபடி படித்தபோது அந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. சோதகன் பொய் சொன்னால்தான் தண்டனை என்று அது சொல்லவில்லை. வேலையைச் செய்யாமல் விட்டாலே தண்டனை. நானும் பொய் சொல்லவில்லை. சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. ரோமானிய எழுத்தாளர் பிளினி இலங்கையைப் பற்றி எழுதும்போது ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ரோமானியர் ஒருவரின் கப்பல் காற்றில் அடித்துப்போய் இலங்கையில் கரை சேர்கிறது. அவரிடமிருந்த வெள்ளி தினாரிகளைப் பார்த்த மன்னன் வியக்கிறான். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தலை, ஆனால் எல்லாம் ஒரே எடை. அப்படியென்றால் இவர்கள் நேர்மையானவர்கள் என்று முடிவு செய்கிறான். கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். அந்த மன்னன் முகத்தைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தான். நான் நேர் மாறாகச் செய்தேன்.

*

புதுக்கோட்டைக் காசுகளை எடுத்துக்கொள்வோம். 1898-இல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கருக்காக்குறிச்சியில், 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரையிலானவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி.எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து உடனே எழுதினார். அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், பேரரசரின் முகத்தின் மீது உளியால் ஒரு வெட்டு விழுந்திருந்தது.

சேகரிப்பவர் கண்ணில் அது சேதம். வெட்டில்லாத காசுக்குத்தான் விலை. ஆனால் ஆராய்ச்சி செய்பவருக்கு அந்த வெட்டுதான் காசு. அது ரோமில் விழுந்த வெட்டு அல்ல, இங்கே விழுந்தது. யாரோ ஒருவர் ஒவ்வொரு காசாக எடுத்து ஒரு முடிவு செய்திருக்கிறார். தேய்ந்த காசுகள் இனி காசாகச் செல்லக் கூடாது, தங்கமாக மட்டும் நிறுத்து விற்கப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்பது ஹில்லின் கருத்து. வேறு சில புதையல்களில் தேயாத காசுகளும் வெட்டுப்பட்டிருப்பதால், வேற்று நாட்டு அரசனின் அதிகாரத்தை இங்கே ரத்து செய்யும் அடையாளம் என்று பின்னால் சிலர் கருதினார்கள். எது சரி என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச முடிவதற்குக் காரணம் ஒன்றுதான். எந்த ஊரில், எத்தனை, எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்று தெரியும். இதே 501 காசும் ஒவ்வொன்றாக மும்பைக்கும் லண்டனுக்கும் பொட்டலத்தில் போயிருந்தால், 'முகத்தில் கீறல், விலை குறைவு' என்பதற்கு மேல் யாரும் ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

ரோமானியத் தினாரிகளின் கதையும் அப்படித்தான். தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் இருவரின் காசுகள்தான், அதிலும் குறிப்பிட்ட இரண்டு வகைகள்தான் மிகுதி. பொ.ஆ. 64-இல் நீரோ எடையையும் வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய தினாரிகள் இங்கே அரிது. நம் வியாபாரிகள் பழைய கனமான காசையே கேட்டு வாங்கினார்கள் என்று ஊகிக்க இடமிருக்கிறது. ஒரு தனிக் காசை வைத்து இதைச் சொல்ல முடியாது. கூட்டமாக, இடத்தோடு கிடைத்ததால் சொல்ல முடிகிறது.

*

இனி என் கட்டுரை. அதன் முதல் வாக்கியத்திலேயே 'ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதியிருந்தேன். எடை எழுதவில்லை. அளவு எழுதவில்லை. விளிம்பைப் படம் எடுக்கவில்லை. இரண்டாம் பத்தியில் 'வைகை ஆற்றுப்படுகையில் கிடைத்த இக்காசு' என்று வருகிறது. கடைக்காரர் சொன்னார் என்று எழுதவில்லை. அவர் வாய்ச்சொல்லை எடுத்து நான் வரலாறாக ஆக்கிவிட்டேன். அந்த மாணவர் அதை அட்டவணை ஆக்கினார். இன்னொருவர் அட்டவணையை வைத்து வரைபடம் போடுவார். பொய் இப்படித்தான் வளர்கிறது. நடுவில் யாருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் பத்தியில் பாண்டியர் பெருமை. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சங்க கால மூவேந்தர் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. 1980களின் நடுவில் இரா. கிருஷ்ணமூர்த்தி, தினமலர் ஆசிரியராக இருந்தவர், 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த செப்புக் காசை அறிவித்தார். அதன் பிறகு சேரர் காசுகள் வந்தன. மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களோடு மன்னன் முகம் பதித்த வெள்ளிக் காசுகள். கொல்லிப்பொறை என்று படிக்கப்பட்ட காசு. 1997-இல் சங்க காலத் தமிழ்க் காசுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூல், இந்தத் துறையில் யார் பேசினாலும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய நூல். சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். இந்தக் காசுகளில் பெரும்பாலானவை அகழாய்வுக் குழியிலிருந்து வந்தவை அல்ல. கரூர் அமராவதி ஆற்றிலும் மற்ற ஆற்றுப்படுகைகளிலும் மணல் சலிப்பவர்கள் எடுத்து, வியாபாரிகள் கை மாறி, சேகரிப்பாளரிடம் வந்தவை. அப்படியென்றால் அவற்றை ஏன் நம்புகிறோம்? தமிழ்ப் பெருமைக்காகவா? அப்படி நம்பினால் அது என் கட்டுரையைப் போன்ற நம்பிக்கைதான்.

நம்புவதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஒன்று, எழுத்து. தமிழ்-பிராமி எழுத்துகளின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றத்தைக் குகைக் கல்வெட்டுகள் தனியாகச் சொல்கின்றன. காசின் எழுத்து அதோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு, பெயர். கரூருக்குப் பக்கத்தில் புகளூரில் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோன், இளங்கடுங்கோ என்று சேரர் மூன்று தலைமுறையைச் சொல்கிறது. பொறை என்ற பட்டம் பாட்டிலும் இருக்கிறது, கல்லிலும் இருக்கிறது, காசிலும் இருக்கிறது. ஒன்றை ஒன்று பார்த்து எழுதாத மூன்று சாட்சிகள். மூன்று, ஒரே வகையில் பல காசுகள், வெவ்வேறு அச்சில் அடித்தவை, வெவ்வேறு அளவில் தேய்ந்தவை, வெவ்வேறு பேர் கைகளில். நான்கு, வெளியீடு. படத்தோடு அச்சில் வந்தால் மற்றவர்கள் எதிர்க்கலாம், ஒப்பிடலாம். காசு பெட்டிக்குள் இருக்கும்வரை அதைச் சந்தேகிக்க யாருக்கும் வழியில்லை.

இந்த நான்கும் சேர்ந்துதான் ஒரு காசை நிறுத்துகின்றன. என் காசுக்கு ஒன்றுகூட இல்லை. பெருவழுதிக் காசின் மேல் இருந்த நம்பிக்கையை நான் கடன் வாங்கி என் காசின் மேல் போட்டுக்கொண்டேன். கள்ளக்காசு அடிப்பவனின் தொழில் ரகசியமே இதுதான். அவன் புதிதாக எதையும் செய்வதில்லை. நாம் ஏற்கெனவே விரும்புவதைச் செய்கிறான். யாருமே பார்த்திராத காசைச் செய்தால் கேள்வி வரும். எல்லோரும் படத்தில் பார்த்து, ஒருநாள் கையில் வைத்துப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கும் காசைச் செய்தால் கேள்வி வராது, பணம் வரும்.

*

போலி என்று எப்படித் தெரிந்தது? என் திறமையால் இல்லை. ஒரு நண்பர் வீட்டில் அவருடைய சேகரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வகைக் காசு ஒன்று. குதிரை, எழுத்து, மீன். குதிரையின் பின்னங்காலுக்குக் கீழே சாய்வாக ஒரு கீறல். எனக்கு அந்தக் கீறல் தெரியும். என் காசில் அதே இடத்தில், அதே சாய்வில், அதே நீளத்தில் இருக்கிறது.

புதிதாக இதில் இறங்குபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளுக்கு அச்சின் குறை இரண்டிலும் இருக்கும். அச்சில் விரிசல் இருந்தால் இரண்டிலும் மேடாகக் கோடு விழும். அது இயல்பு. ஆனால் உலோகத் துண்டு ஒவ்வொன்றும் வேறு. அச்சு விழும் இடம் கொஞ்சம் தள்ளும், விளிம்பு வேறாக இருக்கும், தேய்மானம் வேறாக இருக்கும். கீறல் என்பதோ அடித்த பிறகு காசுக்கு நேர்வது. மண்வெட்டி பட்டிருக்கலாம், மணல் சலிக்கும்போது கல் உரசியிருக்கலாம். இரண்டு காசுக்கு ஒரே இடத்தில் ஒரே கீறல் விழாது. விழுந்திருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றதை வார்த்திருக்கிறார்கள், அல்லது இரண்டையும் மூன்றாவது ஒன்றிலிருந்து வார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, முதன்முறையாக, என் காசை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தேன். ஐந்து வருடம் வைத்திருந்தேன், ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது, தேய்ந்த மழுக்கம் இல்லை, வெண்ணெயில் எழுதியது மாதிரி. பரப்பில் ஊசி முனை அளவு குழிகள், வார்க்கும்போது காற்று அடைபட்ட இடங்கள். விளிம்பில் அரம் போட்ட தடம். பச்சை நிறம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சீராக இருந்தது. மண்ணில் கிடந்து வரும் பச்சை அப்படி இருக்காது. எல்லாம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தன. பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

எடை இந்த வகைக் காசுக்குப் பெரிய உதவி செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். 1835-க்குப் பிறகு வந்த கம்பெனி ரூபாய் என்றால் 11.66 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்தாலே பாதி சந்தேகம் தீரும். சங்க காலச் செப்புக் காசுகள் அப்படி ஒரே எடையில் வருவதில்லை. எனவே ஒவ்வொரு வகைக்கும் எந்தச் சோதனை பேசும், எது பேசாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வேறொரு தவறும் நடக்கிறது. 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று எழுதி ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பதித்த செப்புக் காசுகள் ஊருக்கு ஊர் கிடைக்கும். அவை எதுவும் கம்பெனி வெளியிட்டவை அல்ல. இதை விளக்குகிற சிலர், "வெள்ளைக்காரன் எங்கயாவது சாமி படம் போடுவானா?" என்று கேட்கிறார்கள். முடிவு சரி, காரணம் தப்பு. கம்பெனி சென்னையில் வெளியிட்ட பகோடாக்களில் பெருமாள் உண்டு. பெருமாளும் இரு தேவியரும் நிற்கும் 'மூன்று சாமி பகோடா' என்றே ஒரு வகை உண்டு. கோபுரம் ஒரு பக்கமும் விஷ்ணு மறு பக்கமும் உள்ள காசுகூட உண்டு. எனவே 'இருக்க முடியாது' என்பது சோதனை அல்ல. ஆவணங்களில் உள்ள காசுகளோடு வைத்து வடிவம், மதிப்பு, ஆண்டு, எழுத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் சோதனை. சோம்பேறித்தனமான சந்தேகம் சோம்பேறித்தனமான நம்பிக்கைக்கு உடன்பிறப்பு.

*

ஒரு காசைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது என்ன? இது உண்மையானதா? இதற்கு என்ன விலை? வரிசை முக்கியம். ஆனால் என்னிடம் யார் காசு கொண்டுவந்தாலும் மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். "எவ்வளவு தேறும் சார்?"

அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. 'உங்கள் வீட்டில் இந்த ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று நாள் தவறாமல் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டிராக்டர் படம் போட்ட நோட்டு, வைஷ்ணவ தேவி நாணயம், 786 என்று முடியும் எண். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு, பழைய நோட்டு விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று பறிக்கிறார்கள். அப்படி எந்த வேலையையும் தாங்கள் செய்வதில்லை, யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டி வந்தது. இன்னொரு பக்கம் ரைஸ் புல்லிங். அரிசியை இழுக்கும் காசு, கோடிக்கணக்கில் போகும் என்று சொல்லி நிலத்தை விற்க வைக்கிறார்கள். இதில் ஏமாந்தவர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பதில்லை. அவர்கள் பணத்துக்கு ஆசைப்பட்டார்கள். நான் பாண்டியனுக்கு ஆசைப்பட்டேன். இரண்டு பேரும் காசைப் பார்க்கவில்லை.

விலை எப்படி அமைகிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லலாம். பழமை விலை அல்ல. 1808 என்று ஆண்டு போட்ட, கம்பெனியின் 20 காசு நாணயங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அடிக்கப்பட்டு, சென்னை ராஜதானிக்காகக் கப்பலேறின. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையை ஒட்டியே மூழ்கியது. 1980களில் அந்தக் கப்பலிலிருந்து காசுகளை மூட்டை மூட்டையாக மேலே கொண்டுவந்தார்கள். இருநூறு வருடப் பழமை, கடலடிக் கதை எல்லாம் உண்டு. ஆனாலும் ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலைதான். 1939-ஆம் வருட ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய்க்கு வயது அதில் பாதிகூட இல்லை. ஆனால் அரிது, அதனால் விலை அதிகம், அதனாலேயே 1938-ஐத் திருத்தி 1939 ஆக்குபவர்களும் அதிகம். எண்ணின் கடைசி இலக்கத்தை உருப்பெருக்கியில் பார்க்காமல் அந்தக் காசை வாங்கக் கூடாது.

இரண்டாவது, நிலை. நம் வீடுகளில் பழைய காசு கிடைத்தால் முதலில் புளி போட்டுத் தேய்ப்பார்கள். பளபளவென்று வரும். பரப்போடு மதிப்பும் போய்விடும். என் பெரியம்மா ஒரு விக்டோரியா ரூபாயைத் திருநீறு போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராணியின் மூக்கை எடுத்துவிட்டாள். நோட்டு என்றால் இஸ்திரிப் பெட்டி. மடிப்பு போய்விட்டது என்று நினைப்பார்கள். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மடிந்த இடத்தில் நார் உடைந்திருப்பது தெரியும், அச்சின் மேடு தட்டையாகியிருப்பதும் தெரியும். மடிந்த நோட்டை மடிந்ததாகவே விட்டால் ஒரு விலை. மறைக்கப் பார்த்த நோட்டுக்கு அதிலும் குறைவு. உண்மையை ஒப்புக்கொண்ட குறைக்கு மதிப்பு இருக்கிறது. மறைத்த குறைக்கு இல்லை.

நிலையை எண்ணாகச் சொல்லும் முறையும் இப்போது வந்துவிட்டது. ஒன்று முதல் எழுபது வரை. அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949-இல் கொண்டுவந்தது. எழுபது என்றால் ஒன்றைவிட எழுபது மடங்கு விலை என்பதுதான் தொடக்கத்தில் அதன் பொருள். இன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து எண் போட்டுத் தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டியையே போலியாகச் செய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள். நம் கண்ணுக்குப் பதிலாக இன்னொருவர் கண் என்று ஆகும்போது, அந்தக் கண்ணையும் சோதிக்க ஒருவர் தேவைப்படுகிறார்.

ஆனால் எந்த எண்ணும் ஒன்றைச் சொல்லாது. காசு எங்கே கிடைத்தது என்பதை.

*

2021-இல் கீழடியில் ஏழாம் கட்ட அகழாய்வில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது. சின்னது. சந்தையில் முத்திரைக் காசுகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை, கொஞ்சம் பணம் சேர்த்தால் யாரும் வாங்கலாம். ஆனால் கீழடிக் காசு எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்த காசு. அந்த ஒரு காசு கேட்கும் கேள்விகளை, பெட்டி நிறைய வைத்திருக்கும் சேகரிப்பு கேட்காது. கேரளத்தில் பட்டணம் அகழாய்வில் சேரர் செப்புக் காசுகள் மண்ணடுக்கோடு கிடைத்தபோதும் இதுதான் நடந்தது. அதுவரை வியாபாரிகள் வழியாக வந்த அதே வகைக் காசுகளுக்கு அப்போது கால் முளைத்தது.

அப்படியென்றால் சேகரிப்பவர்களே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆற்று மணலில் வந்த காசுகளை அவர்கள் வாங்காமல் இருந்திருந்தால் உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும். பெருவழுதியும் மாக்கோதையும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். அது உண்மை. நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்ததால்தான் இன்னும் வேகமாகத் தோண்டினார்கள், போலியும் வார்த்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இடம் தொலைவதற்குப் பயமும் ஒரு காரணம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்குப் பங்கு உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஊரில் யாருக்கும் இரண்டாவது பாதி தெரியாது. "போலீஸ் வந்துரும்" என்பது மட்டும் தெரியும். அதனால் கிடைத்தவர் இடத்தைச் சொல்வதில்லை. வியாபாரி, யார் என்ன கேட்க விரும்புகிறாரோ அந்த இடத்தைச் சொல்கிறார். மதுரைக்காரனுக்கு வைகை. கரூர்க்காரருக்கு அமராவதி. எனக்கு அவர் வைகை என்று சொன்னது என் முகத்தைப் பார்த்துத்தான் என்று இப்போது புரிகிறது.

என் கட்டுரையை இன்று எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 'சதுரச் செப்புக் காசு. எடை இவ்வளவு. ஒரு பக்கம் குதிரை, எழுத்து. மறுபக்கம் மீன் வடிவம். விளிம்பில் அரத்தின் தடம். கடையில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியது. ஆற்றில் கிடைத்ததாக விற்றவர் சொன்னார்.' ஏழு வாக்கியம். மூன்று பக்கம் வராது. எந்தச் சிற்றிதழும் போட்டிருக்காது. ஆனால் இந்த ஏழு வாக்கியத்தையும் எழுதியிருந்தால், படிப்பவர் யாராவது ஐந்தாவது வாக்கியத்தில் நின்று, "சார், அரமா?" என்று கேட்டிருப்பார்.

அந்த மாணவருக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. காசின் விளிம்பு, கீறல் எல்லாம் படம் எடுத்து அனுப்பி, அட்டவணையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். ஃபோன் செய்தார். "நீக்கிட்டேன் சார். ஆனா மீதி பதினாலு காசுக்கும் இதே மாதிரி கேட்டுப் பாத்தேன். ஒன்பதுக்கு 'கிடைத்த இடம்' எல்லாமே யாரோ சொன்னதுதான். என்ன சார் செய்றது?" என்றார். 'சொல்லப்படுகிறது' என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். சேர்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அந்த ஆய்வேட்டில் மிக நல்ல பத்தி அதுதான்.

காசை நான் தூக்கிப் போடவில்லை. போலியாக இருந்தாலும் அதிலிருக்கும் கீறல் ஓர் உண்மைக் காசிலிருந்து வந்திருக்க வேண்டும். எங்கோ ஒரு மண்ணில் கிடந்து, ஏதோ ஒன்று பட்டு, கீறல் விழுந்த தாய்க் காசு. அது எங்கே கிடைத்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. உறை ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். மேலே எழுதியிருப்பது: 'வார்ப்பு. போலி. இடம் தெரியாது.' மூன்றாவது சொல்லை எழுதத்தான் எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.